அறுப்புக்கு முன்னால் வரும் பண்டிகை: கிறிஸ்துமஸ் கடைக்குப் போய்விட்டதா?

வெண்ணாற்றங்கரை
டிசம்பர் 6, இரவு 9.20

நேற்று எங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டார் கூடிப் பேசும் கூட்டத்தில், நடந்ததைச் சொல்லி, உங்கள் கருத்தைக் கேட்க வந்திருக்கிறேன். கோயிலில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்த வருடம் தஞ்சாவூரிலிருந்து ஃபைபர் குடிலை வாடகைக்கு எடுக்கலாம், செயற்கை அருவி, பனி கொட்டும் இயந்திரம் எல்லாம் சேர்த்தே தருகிறார்கள், குடும்பத்துக்கு 500 ரூபாய் போட்டால் போதும் என்றார்கள். நாமே கட்டுவோம், ஐந்து பேர் இரண்டு நாள் உழைத்தால் முடிந்துவிடும் என்று எழுந்து சொன்னேன். "வைக்கோல் குடிலைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

என் அப்பா குடில் கட்டிய விதத்தைச் சொல்கிறேன். நவம்பர் முடியும்போது பழைய தகரத் தட்டுகளில் வாய்க்கால் வண்டலைக் குழைத்துப் பரப்பி, முளைகட்டிய விதைநெல்லைத் தூவி, ஈரச் சாக்கைப் போட்டு மூடுவார். மூன்றாம் நாள் சாக்கை விலக்கினால் வெள்ளை ஊசி போல முளை நிற்கும். கிறிஸ்துமஸுக்குள் சாண் உயரம் வந்துவிடும். அந்தத் தட்டுகளைக் குடிலைச் சுற்றி அடுக்கினால் எங்கள் வயலே பெத்லகேமுக்குப் போய்ச் சேர்ந்தது போல இருக்கும். மாதாவும் சூசையப்பரும் கடையில் வாங்கிய சுரூபங்கள். ஆடும் மாடும் நாங்கள் பிசைந்த களிமண். கொம்பு ஒடிந்த மாடு ஒன்று பதினோரு வருடம் எங்கள் குடிலில் படுத்திருந்தது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். என் மனக்கசப்புக்கு அதுதான் வேர். நம் டெல்டாவில் டிசம்பர் எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்குத் தெரியும். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து குறுவை விளைந்தால், அந்தப் பணம் தீபாவளியோடு கரைந்துவிடும். சம்பா இப்போது கதிர் வெளிவராமல் பொதியில் நிற்கிறது. அறுப்பு தையில்தான். உரக்கடையில் பாக்கி, சங்கத்தில் கடன், தலைக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் வரும்போது விளைச்சல் எல்லாம் வீடு சேர்ந்திருக்கும். நமக்கோ நெல் வயலிலேயே இருக்கும்போது வருகிறது. அதனால்தான் நம் பெரியவர்கள் செலவில்லாத வழியை வைத்திருந்தார்கள்: வைக்கோல், மூங்கில், களிமண், வீட்டு அரிசி, வெல்லம்.

இன்று என் தம்பி வீட்டில் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது. துணி, இரண்டு கிலோ கேக், மின்னும் நட்சத்திரம், பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம். அந்தச் சிவப்பு அங்கித் தாத்தாவே ஒரு அமெரிக்கக் குளிர்பானக் கம்பெனி விளம்பரத்துக்காக உண்டாக்கியவர்தானே? மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் பிறந்தநாளுக்கு நகை அடகு வைக்க வேண்டுமா?

கடைத்தெரு
டிசம்பர் 7, காலை 7.05

வெண்ணாற்றங்கரை அண்ணன், உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடைக்காரர்கள் பக்கம் பேசவும் ஒருவர் வேண்டும். நான் முஸ்லிம். கும்பகோணத்தில் 23 வருடமாகப் பேன்சி கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் கடை வாசல் நிறைய நட்சத்திரம் தொங்கும். பள்ளிவாசல் போய்விட்டு வந்து முதல் வேலையாக அந்த விளக்குகளைத்தான் போடுவேன்.

தீபாவளி முடிந்தால் தை பிறக்கும்வரை எங்களுக்கும் வேறு வியாபாரம் கிடையாது. உங்கள் வயலில் பணம் இல்லையென்றால் என் கல்லாவிலும் இல்லை. இந்த மூன்று வார விற்பனையில்தான் கடைப் பெண்கள் இருவரின் சம்பளம் நிற்கிறது.

மூங்கில் நட்சத்திரத்தை நாங்கள் ஒழித்துவிட்டோம் என்று பலர் சொல்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் வருடா வருடம் 100 நட்சத்திரம் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு வருடம் டிசம்பர் முதல் வாரத்தில் புயல் மழை. வாங்கிப் போனவர்கள் வீட்டு வாசலில் தாள் ஊறிக் கிழிந்து, பசை விட்டு, வெறும் குச்சிதான் தொங்கியது. 40 பேர் திரும்ப வந்தார்கள். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியவரிடம் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. அடுத்த வருடம் வாங்க வந்தவர்கள் எல்லோரும் "பிளாஸ்டிக் இருக்கிறதா?" என்றுதான் கேட்டார்கள். மழை பெய்யும் மாதத்தில் வரும் பண்டிகைக்கு நனையாத பொருளை மக்கள் தேடினார்கள். இதில் என் பேராசை எங்கே இருக்கிறது?

தரங்கை டீச்சர்
டிசம்பர் 7, பகல் 1.40

வெண்ணாற்றங்கரை ஐயா அவர்களுக்கு வணக்கம். முதலில் ஒரு திருத்தம். சிவப்பு அங்கித் தாத்தாவைக் குளிர்பானக் கம்பெனி உண்டாக்கவில்லை. தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் 1863 முதலே அமெரிக்க வார இதழ் ஒன்றில் அந்தத் தாத்தாவை வரைந்து வந்தார். கோகோ கோலாவுக்காக ஹேடன் சண்ட்ப்லோம் வரையத் தொடங்கியது 1931இல். உருவத்தை அவர்கள் பரப்பினார்கள், அவ்வளவுதான். மூலம் நான்காம் நூற்றாண்டில் மைரா நகரில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ். அது இன்றைய துருக்கியில் இருக்கிறது. நீங்கள் இதை எழுதிய டிசம்பர் 6ஆம் தேதிதான் அவர் திருநாள்.

வியாபாரமும் இன்று நேற்று வந்ததன்று. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையே ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டது. பண்டிகையைத் தூய்மைப்படுத்தப் புறப்பட்டவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். நீங்கள் அந்த வகைக்காரர் இல்லை என்று தெரியும். எது கலப்பு, எது தூய்மை என்று பிரிக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரையே பாருங்கள். 1706 ஜூலை 9இல் சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு மிஷனரிகள் கப்பலில் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார்கள். 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயத்தில் இன்றும் ஆராதனை நடக்கிறது. அச்சுக்கூடம், காகிதப் பட்டறை எல்லாம் அவர்கள் தொடங்கிய பணியோடு வந்தவை. பொறையாறு பக்கம் கடுதாசிப்பட்டறை என்று ஓர் இடத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது. வந்ததை எல்லாம் நம் ஆட்கள் அப்படியே வைத்திருக்கவில்லை. தஞ்சாவூரில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்த வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமையே குறவஞ்சியாகப் பாடினார். கோயில் குறவஞ்சிகளின் அதே கட்டு, அதே மெட்டு. வெளியிலிருந்து வந்ததை எடுத்து நம்முடையதாக்குவதுதான் இந்த மண்ணின் வழக்கம். கேக்கையும் நட்சத்திரத்தையும் மட்டும் ஏன் வாசலிலேயே நிறுத்த வேண்டும்?

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. "வீட்டு அரிசி, வெல்லம், செலவில்லாத வழி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அரிசியை இடித்தது யார்? என் அம்மா டிசம்பர் 20ஆம் தேதி பச்சரிசியை ஊறவைப்பார். நிழலில் உலர்த்தி, கையில் ஒட்டும் ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். பாகு தக்காளிப் பதம் வந்ததா என்று தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார். பதம் தப்பினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும், மாமியாரிடம் பேச்சு கேட்க வேண்டும். அச்சு முறுக்கு, கலகலா, ரவா லாடு என்று நான்கு இரவுகள் விறகடுப்பு முன்னால். 25ஆம் தேதி காலை நான்கரை மணி ஆராதனைக்கு வந்து உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது அவரை இடித்து எழுப்புவோம். இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. என் அம்மா ஒரு கிறிஸ்துமஸ் பிரசங்கத்தையும் முழுதாகக் கேட்டதில்லை.

நான் கேக்கைக் கடையில் வாங்குகிறேன். பிரசங்கத்தை முழுதாகக் கேட்கிறேன்.

வெண்ணாற்றங்கரை
டிசம்பர் 7, இரவு 8.15

டீச்சர், தாத்தா விஷயத்தில் நான் எழுதியது தவறு. திருத்தியதற்கு நன்றி.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "இப்போதாவது ஒருவர் எழுதினார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வேலை ஒருவர் தலையில் விழுந்தது அநியாயம்தான். ஆண்களும் மாவு சலித்திருக்கலாமே? அதைச் செய்யாமல் வேலையைத் தூக்கிக் கடையில் கொடுத்துவிட்டோம். உழைப்பும் போயிற்று, உழைப்போடு இருந்த கூட்டமும் போயிற்று.

பாய், உங்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. 40 பேருக்குப் பணம் திருப்பிக் கொடுத்தவரை யார் குறை சொல்ல முடியும்? என் கோபம் பொருள் மேல் இல்லை. பொருள் இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை என்ற நிலை மேல்தான் கோபம்.

உழவன் எக்ஸ்பிரஸ்
டிசம்பர் 7, இரவு 11.50

ஐயா, உங்கள் பங்குக் கோயில் எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கூட்டத்தில் பேசிய அந்த இளைஞர் நானாகவும் இருந்திருக்கலாம். என் வயது 26. சென்னையில் வேலை. 24ஆம் தேதி காலை ஊருக்கு வந்து 26 இரவு ரயில் ஏறிவிடுவேன். குடில் கட்ட இரண்டு நாள் என்கிறீர்கள். எனக்கு இருப்பதே இரண்டரை நாள். அதில் பாட்டியைப் பார்க்க வேண்டும், கல்லறைக்குப் போக வேண்டும், நண்பர்களோடு கேரல் பாடப் போக வேண்டும்.

இன்னொன்று, வைக்கோல் எங்கே இருக்கிறது ஐயா? எங்கள் ஊரில் அறுப்பு முழுவதும் இயந்திரம்தான். இயந்திரத்தில் அறுத்த வைக்கோல் நசுங்கித் துண்டு துண்டாக வருகிறது. கூரை வேயத் தாங்காது. அதையும் உடனே உருளைக் கட்டாகச் சுற்றி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். போன வருடம் வீட்டுக் குடிலுக்காக ஒரு கைப்பிடி நீள வைக்கோல் தேடி மூன்று தெரு அலைந்தேன். விவசாயமே மாறிவிட்டது. குடில் மட்டும் எப்படி மாறாமல் இருக்கும்?

விடிவதற்கு முன்னால் ஊர் எல்லையில் இறங்கும்போது தெருவெல்லாம் நட்சத்திரம் எரிவதைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அது பிளாஸ்டிக்கா மூங்கிலா என்று அந்த நேரத்தில் நான் பார்ப்பதில்லை.

கடைமடை
டிசம்பர் 8, காலை 6.30

கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். விவசாயக் கூலிக் குடும்பம், கிறிஸ்தவர்கள், சேரித் தெரு. ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

"வைக்கோல், மூங்கில், களிமண், வீட்டு அரிசி: செலவில்லாத வழி." அந்த வைக்கோல் யாருடையது? என் தாத்தா பண்ணையாள். அவர் அறுத்த வயலின் வைக்கோல் பண்ணையாருடைய போரில் இருந்தது. குடிலுக்கு ஒரு பிடி வேண்டுமென்றால் கொல்லைப்புறமாகப் போய்க் கேட்டு நிற்க வேண்டும். எங்களுக்கு இலவசமாக எதுவும் இருந்ததில்லை. உங்கள் நினைவில் விலையில்லாமல் கிடக்கும் பொருளுக்கு எங்கள் வீட்டில் வேறு விலை கொடுத்தார்கள்.

டீச்சர் சாஸ்திரியாரைப் பற்றி எழுதினார். அந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர்ச் சபையில் ஏராளமானவர்கள் அதை ஏற்க மறுத்து வெளியேறினார்கள். எதிர்த்தவர்களில் சாஸ்திரியாரும் ஒருவர். ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுப்பதும் ஒரே பாயில் உட்காருவதும்தான் அப்போதைய தகராறு. பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தப் பாய்தான் கண் முன்னால் வருகிறது.

பலகாரத் தட்டு தெருத் தெருவாகப் போனதாக எல்லோரும் நெகிழ்ந்து எழுதுவார்கள். இந்துக்கள் வீட்டுக்குப் போனது, முஸ்லிம்கள் வீட்டுக்குப் போனது. எங்கள் தெருவுக்கு அந்தத் தட்டு வந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் கொடுத்தனுப்பிய தட்டை வாங்கிக்கொண்டவர்கள் வீட்டில் அதைச் சாப்பிட்டார்களா என்பதும் எனக்குத் தெரியும்.

பேக்கரிக்காரர் என் தெருவைக் கேட்பதில்லை. என் மகளுக்கு ஐந்து வயதானபோது முதல்முறையாக ஒரு கிலோ கேக் வாங்கினேன். வெள்ளை அட்டைப் பெட்டி, சிவப்பு ரிப்பன். பண்ணையார் வீட்டுப் பிள்ளை எந்தப் பெட்டியை எடுத்துப் போனதோ அதே பெட்டி. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். திறக்கவே விடவில்லை. இதை வணிக மோகம் என்று நீங்கள் சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அது வேறு.

டிசம்பர் 25 எங்கள் பகுதியில் இன்னொரு நாளும்கூட. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதில் தொடங்கிய பகை அது. ஒவ்வொரு வருடமும் அதிகாலைப் பூசை முடித்து, புதுத் துணியோடு நான் வெண்மணிக்குப் போய்விடுவேன். நினைவிடத்தில் 44 பெயர்களும் இருக்கின்றன. குடிலைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். நம் டெல்டாவில் எரிந்த குடிசையை எந்தக் குடிலில் வைத்திருக்கிறோம்?

வெண்ணாற்றங்கரை
டிசம்பர் 8, இரவு 9.00

கடைமடை அவர்களுக்கு.

காலையில் வாசித்தேன். பதில் எழுத இரவாகிவிட்டது. வைக்கோல் எங்கள் போரிலிருந்து வந்தது. அதைக் கேட்டு யாராவது கொல்லைப்புறம் நின்றார்களா என்று யோசித்தேன். நின்றார்கள். கொடுத்தோம் என்பது நினைவிருக்கிறது. அவர்கள் எங்கே நின்றார்கள் என்பதை இத்தனை வருடம் நான் நினைக்கவே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் மடியில் இருந்த கேக்குக்கு எதிராக நான் ஒரு சொல்லும் எழுத மாட்டேன். ஆனால் ஒரு இடத்தில் உங்களோடு நான் உடன்படவில்லை. கடை சாதி கேட்பதில்லை, சரி. பணம் கேட்கிறதே? அடகுக் கடை வாசலில் மார்கழி மாதம் யார் நிற்கிறார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் தம்பிக்காவது வைக்க இரண்டு பவுன் இருந்தது.

கடைமடை
டிசம்பர் 8, இரவு 10.25

அதில் நான் மறுக்க ஒன்றும் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் குழுக்கடன் வாங்கிப் பண்டிகைத் துணி எடுக்கிறார்கள். வாரா வாரம் தவணை. நடவு முடிந்து, களையெடுப்பும் முடிந்த பிறகு அறுப்புவரை கூலி வேலை கிடையாது. அறுப்பையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. தவணைக்காரர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கடனை எதிர்த்துப் பேசுங்கள், கூடவே நிற்கிறேன். பழைய காலம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மன்னிப்பு என்ற சொல்லை வாசித்தேன். நேரில் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்.

நெய்தல்
டிசம்பர் 9, காலை 5.10

நாகப்பட்டினத்து மீனவக் குடும்பம். நீளமாக எழுதத் தெரியாது.

2004 டிசம்பர் 25 இரவு பூசைக்கு வேளாங்கண்ணி போயிருந்தோம். கூட்டம் நெரிந்தது. அம்மா எனக்கு ஒரு பிளாஸ்டிக் விசிலும், தங்கைக்கு மின்னும் தலைப்பட்டையும் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரரிடம் பத்து ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் கடல் வந்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். தங்கையும் போனாள். அந்தத் தலைப்பட்டை வீட்டு உத்தரத்துக்கு மேல் சொருகி இருந்தது, கிடைத்தது. பாட்டரி தீர்ந்துவிட்டது. இன்னும் இருக்கிறது.

அது கடைச் சரக்குதான். மட்டமான சரக்குதான். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய சுரூபம் இல்லை.

எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. 25 இரவு விடிய விடிய ஒலிபெருக்கியும் வெடியும் வைத்துவிட்டு, 26 காலை நாங்கள் மெழுகுவர்த்தியோடு கரைக்குப் போகும்போது பலர் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். குடிலை எதில் வேண்டுமானாலும் கட்டுங்கள். 26ஆம் தேதி காலை எழுந்து வாருங்கள்.

தரங்கை டீச்சர்
டிசம்பர் 9, மாலை 6.45

நெய்தல் தம்பி, எங்கள் கரையிலும் அதே காலைதான். 26 காலை உங்களை நினைத்துக்கொள்வேன்.

கடைமடை சொன்ன 1833 செய்தியை நான் விட்டுவிட்டு எழுதியது தவறு. பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தச் சாதிப் பாயை விட்டுவிட்டேன். வகுப்பில் இனி இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

குடிலைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. புனித அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் கிறிஸ்துமஸ் இரவில் தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை என்று நிறுத்தினார். குடில் பரவியது அதற்குப் பிறகுதான். லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி இருக்கிறது. மாடும் கழுதையும் இல்லை. அந்த ஊர்க்காரர்களிடம் இருந்ததைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெண்ணாற்றங்கரை ஐயாவின் அப்பா நாற்றை வைத்ததும் அப்படித்தான். ஃபைபர் குடிலில் என்னை உறுத்துவது வாடகை இல்லை. அதில் நம் ஊரிலிருந்து வந்த பொருள் எதுவும் இல்லை என்பதுதான். இந்த ஒன்றில் ஐயாவின் பக்கம் நான் நகர்ந்திருக்கிறேன். அதிரசத்தில் நகர மாட்டேன்.

உழவன் எக்ஸ்பிரஸ்
டிசம்பர் 9, இரவு 10.30

பாய் ஐயா, ஒரு சந்தேகம். இப்போது மூங்கில் நட்சத்திரம் கேட்டு யாராவது வருகிறார்களா? அந்தப் பெரியவர் இருக்கிறாரா?

கடைத்தெரு
டிசம்பர் 10, காலை 7.20

பெரியவர் காலமாகி எட்டு வருடம் ஆகிறது தம்பி. அவர் மகன் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். கேட்டு வருபவர்கள் டிசம்பருக்கு ஐந்தாறு பேர் இருப்பார்கள். எல்லோரும் வயதானவர்கள். இல்லை என்று சொல்லி அனுப்பும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கும்.

வெண்ணாற்றங்கரை
டிசம்பர் 10, இரவு 8.50

பாய், எனக்குக் கட்டத் தெரியும். அப்பா கற்றுக்கொடுத்தது. சீவிய மூங்கில் சிம்பு ஐந்தை நட்சத்திரமாகக் குறுக்கே கோத்து நூலால் கட்ட வேண்டும். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் முதுகு சேர்த்து ஐந்து முனைகளிலும் கட்டிவிட்டு, உள்ளே சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் விரல் நீள முட்டுக் கொடுத்தால் நட்சத்திரம் வயிறு உப்பி நிற்கும். ஒரு முனையில் மட்டும் தாளைத் திறந்துவிட்டால் பல்பு உள்ளே போகும். ஆணியே வேண்டாம். என் தம்பியையும் உட்காரவைத்தால் ஒரு நாளைக்கு நான்கு முடியும்.

கோயிலில் ஃபைபர் குடில்தான் வருகிறது. முடிவாகிவிட்டது. 500 ரூபாயைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் தட்டில் நெல் தூவியிருக்கிறேன். பத்து நாள் தாமதம். விரல் உயரம்தான் வரும்.

கடைத்தெரு
டிசம்பர் 11, காலை 7.00

அண்ணன், 12 கட்டிக் கொடுங்கள். 18ஆம் தேதிக்குள் வேண்டும். இரண்டடி போதும், அதற்கு மேல் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது என்பார்கள். ஒன்றுக்கு 150 ரூபாய், கையில் ரொக்கம். விற்காவிட்டால் திருப்பமாட்டேன்.

தாள் மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள். வெறும் வண்ணத்தாள் வேண்டாம், மேலே கண்ணாடித்தாள் ஒரு சுற்று ஒட்டுங்கள். ஓரத்தில் இடைவெளி விடாதீர்கள். தெற்கே மேகம் இருட்டிக்கொண்டு வருகிறது. மைதாப் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடச் சொல்வார் அந்தப் பெரியவர். போட்டால் பூச்சி அரிக்காது. அது விஷம், பிள்ளைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.